நட்சத்திரக் குறி போட்ட ஆட்கள்: ஒரு நூல் மில்லின் பழைய சம்பளக் கணக்கை மீட்ட கதை

கோவைப் பக்கம் ஒரு நூல் மில். பெயர் வேண்டாம். 1994 ஏப்ரலிலிருந்து 2011 மார்ச் வரை அங்கே சம்பளக் கணக்கு முழுக்க ஃபாக்ஸ்ப்ரோ என்ற டேட்டாபேஸ் சாப்ட்வேரின் 2.6 டாஸ் பதிப்பில் ஓடியது. 2011-இல் புது சாப்ட்வேர் வந்தது. அன்றைக்கு வேலையில் இருந்தவர்களின் பெயர், டோக்கன் நம்பர், அடிப்படைச் சம்பளம், லீவு இருப்பு, இவ்வளவுதான் புதியதற்குப் போனது. மற்றதெல்லாம் பழைய கம்ப்யூட்டரிலேயே இருக்கட்டும், வேண்டுமென்றால் பார்த்துக்கொள்ளலாம் என்று வருகை பதியும் டைம் ஆபீஸ் மூலையில் வைத்தார்கள். மூன்று வருடம் அப்படிப் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் அந்த மூலைக்கு வாட்டர் கூலர் வந்தது, கம்ப்யூட்டர் குடோனுக்குப் போனது.

நடுவில் ஒருமுறை யாரோ அந்த ஃபோல்டரை மட்டும் பென் டிரைவில் எடுத்து, விண்டோஸ் 7 மெஷினில் போட்டுத் திறந்து பார்த்திருக்கிறார்கள். ப்ரோக்ராம் ஓடவில்லை. 64-பிட் விண்டோஸில் பழைய டாஸ் ப்ரோக்ராம்கள் ஓடாது. டேட்டா நன்றாக இருந்தாலும் ஓடாது. ஆனால் அன்றைக்கு ஆபீசில் எழுதிவைத்த முடிவு வேறு: "பழைய டேட்டா போயிடுச்சு." ஆடிட்டரைக் கேட்டார்களாம். கம்பெனிச் சட்டப்படி கணக்குப் புத்தகம் எட்டு வருடம் இருந்தால் போதும் என்றிருக்கிறார். 2013 சட்டத்தின் 128-ஆம் பிரிவு சொல்வதும் அதைத்தான். கணக்குப் புத்தகத்துக்கு அது சரி. ஆனால் இருபது வயதில் டாஃபராக (நூல் நிறைந்த பாபினைக் கழற்றுபவர்) சேர்ந்தவருக்கு 58 வயதில்தான் பென்ஷன். அவருடைய கேள்வி முப்பத்தெட்டு வருடம் கழித்து வரும்.

கேள்வி வந்தது 2023 தொடக்கத்தில். அதற்கு முந்தைய நவம்பர் 4-ஆம் தேதி, கூடுதல் பி.எஃப். பென்ஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. பின்னணி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: தொழிலாளர் பென்ஷன் திட்டம் 1995 நவம்பர் 16-இல் தொடங்கியது. முதலாளியின் பங்கிலிருந்து சம்பளத்தில் 8.33 சதவீதம் பென்ஷன் கணக்குக்குப் போகும். ஆனால் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. ஆரம்பத்தில் 5,000 ரூபாய், 2001 ஜூனிலிருந்து 6,500, 2014 செப்டம்பரிலிருந்து 15,000. உச்சவரம்புக்கு மேல் முழுச் சம்பளத்துக்கும் பி.எஃப். கட்டியவர்கள், பென்ஷனையும் முழுச் சம்பளத்துக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம் என்று தீர்ப்புக்குப் பிறகு வாய்ப்பு வந்தது. விண்ணப்பம் போட்டால் மாதவாரியாகச் சம்பள விவரம் வேண்டும். அதை முதலாளிதான் ஏற்ற வேண்டும். இந்த மில்லில் பத்தொன்பது ஸ்டாஃப் விண்ணப்பம் போட்டார்கள். 2011-க்குப் பிந்தைய சம்பளம் புது சாப்ட்வேரில் இருந்தது. அதற்கு முந்தையது குடோனில் இருந்தது.

கணக்கு சாப்ட்வேர் மாற்றும்போது டேட்டாவை இடம் மாற்றித் தருவதுதான் என் தொழில். லேபர் ஆபீசர் கூப்பிட்டார், போனேன்.

கேபினெட்டைத் திறந்தால் உள்ளே பஞ்சு. நூல் மில்லில் எல்லா இடத்திலும் பறக்கும் பஞ்சுதான், ஃபேன் வழியாக உள்ளே போய், மதர்போர்டுமேல் ஒரு தலையணை மாதிரி படிந்திருந்தது. கரண்ட் கொடுத்துப் பார்க்கலாமா என்று பக்கத்தில் நின்ற எலக்ட்ரீஷியன் ஸ்விட்சில் கை வைத்துவிட்டார். வேண்டாம் என்று தடுத்தேன். பல வருடம் சும்மா கிடந்த ஹார்ட் டிஸ்க்கில் நல்லபடியாகச் சுற்றும் வாய்ப்பு எத்தனை மிச்சம் என்று யாருக்கும் தெரியாது. அந்த ஒரு வாய்ப்பைப் பழைய விண்டோஸ் 98 பூட் ஆகிறதா என்று பார்ப்பதில் செலவழிக்கக் கூடாது. டிஸ்க்கைக் கழற்றி, எதுவும் எழுதாதபடி தடுக்கும் ஒரு இணைப்பியில் மாட்டி, டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு ப்ரோக்ராமை வைத்து முழு டிஸ்க்கையும் ஒரே கோப்பாக நகல் எடுத்தேன். 2 ஜிபி டிஸ்க். கடைசிப் பகுதியில் சில செக்டர்கள் மட்டும் படிக்கவில்லை. அங்கே சம்பளக் கோப்பு எதுவும் இல்லை. நகலுக்கு ஷா-256 எண் (கோப்பில் ஒரு பைட் மாறினாலும் மாறிவிடும் சோதனை எண்) கணக்கிட்டு எழுதிவைத்துவிட்டு, டிஸ்க்கைக் கவரில் போட்டு லேபர் ஆபீசரிடமே கொடுத்தேன். அதற்குப் பிறகு எல்லா வேலையும் நகலின் நகலில்தான்.

ஃபாக்ஸ்ப்ரோவின் டேபிள் கோப்பு, அதாவது டிபிஎஃப், உண்மையிலேயே நல்ல மனசுக்காரக் கோப்பு. தன்னைப் பற்றித் தானே சொல்லிவிடும். முதல் 32 பைட்டில் கடைசியாக மாற்றிய தேதி, எத்தனை ரெக்கார்ட் (அதாவது பதிவு வரி), ஒரு ரெக்கார்ட் எத்தனை பைட் எல்லாம் இருக்கும். அடுத்து ஒவ்வொரு காலத்துக்கும் (பட்டியலின் நெடுவரிசை, column) 32 பைட்டில் பெயர், வகை, நீளம். அதற்குப் பிறகு ரெக்கார்டுகள் வரிசையாக, பெரும்பாலும் வெறும் எழுத்துகளாகவே இருக்கும். முப்பது வருடம் கழித்தும் நோட்பேடில் திறந்து பெயர்களைப் படிக்கலாம். அதனாலேயே எனக்குக் கொஞ்சம் அலட்சியம் வந்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. கைக்குக் கிடைத்த ஒரு மாற்றி ப்ரோக்ராமில் கொடுத்து எல்லாவற்றையும் எக்ஸெல் ஆக்கி, பத்தொன்பது பேருக்கும் மாதச் சம்பளப் பட்டியல் எடுத்து, இரண்டே நாளில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் ஒரு சூப்பர்வைசர் போன் செய்தார். "சார், தொண்ணூத்தெட்டு வரைக்கும் என்ற சம்பளமே காணோமுங்க. நான் தொண்ணூத்தி ரெண்டுல இருந்து இங்கதான இருக்கறேன்?"

அவர் ஃபிட்டராகச் சேர்ந்து 1998-இல் சூப்பர்வைசர் ஆனவர். தொழிலாளி ஸ்டாஃப் ஆனால் டோக்கன் நம்பர் மாறும். புது நம்பரில் தேடினால் 1998-க்குப் பிறகுதான் கிடைக்கும், அது புரிகிறது. ஆனால் பழைய நம்பர் ஆள் பட்டியலிலேயே இல்லை. அப்போதுதான் செய்திருக்க வேண்டிய முதல் வேலையைச் செய்தேன்: எண்ணிப் பார்த்தேன். ஆள் பட்டியல் கோப்பின் தலைப்பில் ரெக்கார்ட் எண்ணிக்கை 1,412. என் எக்ஸெலில் 603.

மீதி 809 பேர் எங்கேயும் போகவில்லை. அதே கோப்பில்தான் இருந்தார்கள். டிபிஎஃப்பில் ஒவ்வொரு ரெக்கார்டின் முதல் பைட்டும் ஒரு கொடி. ரெக்கார்ட் இருக்கிறது என்றால் அங்கே வெற்றிடம், அழித்தாயிற்று என்றால் ஒரு நட்சத்திரக் குறி. ஃபாக்ஸ்ப்ரோவில் டிலீட் என்றால் அந்தக் குறி போடுவது மட்டும்தான். பேக் என்ற கட்டளை கொடுத்தால்தான் நிஜமாகவே அழியும். இந்த மில்லின் ப்ரோக்ராமை எழுதியவர், ஆள் வேலையை விட்டு நின்றாலோ பழைய நம்பரை விட்டு மாறினாலோ டிலீட் செய்யும்படி எழுதியிருந்தார். பேக்கை அவர் எங்கேயும் கூப்பிடவில்லை. வேண்டுமென்றே விட்டாரா, மறந்தாரா, கேட்க வழியில்லை. என் மாற்றியோ டிலீட் ஆனவர்களைத் தவிர்ப்பதையே வழக்கமாக வைத்திருந்தது. பழைய சம்பளக் கணக்கைத் தேடி வருகிறவர்களில் பாதிப் பேர் வேலையை விட்டு நின்றவர்களாகத்தான் இருப்பார்கள். அவர்களைத்தான் நான் மொத்தமாகத் தள்ளியிருந்தேன்.

இதைவிட மோசமானது ஒன்று அதற்கடியில் இருந்தது. ஆள் நின்றுவிட்டால் அவருடைய டோக்கன் நம்பரைக் கொஞ்ச நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுப்பது மில் வழக்கம். மாதச் சம்பளக் கோப்புகளில் பெயர் கிடையாது, டோக்கன் நம்பர் மட்டும்தான். ஆக, நட்சத்திரக் குறி போட்டவர்களைத் தள்ளிவிட்டு டோக்கன் நம்பரை வைத்துச் சேர்த்தால், 1999-இல் ஒருவர் வாங்கிய சம்பளம் 2006-இல் சேர்ந்தவர் பெயரில் விழும். நான் எடுத்த முதல் பட்டியலை மில் முழுவதற்கும் ஓட்டிப் பார்த்தபோது, 1986-இல் பிறந்த ஒருவர் 1999-இல் ஸ்பின்னிங்கில் சைடராக (நூற்பு இயந்திரம் பார்ப்பவர்) சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். பதிமூன்று வயதில். அந்தத் தாள் அப்படியே யார் கையிலாவது போயிருந்தால், செய்யாத குற்றத்துக்கு மில் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்.

சரி, மறுபடி முதலிலிருந்து. இந்த முறை மாற்றியை நம்பாமல், பைட் கணக்குப் பார்த்துப் படிக்கும் ஒரு சின்ன பைத்தான் ப்ரோக்ராம் எழுதினேன். நட்சத்திரக் குறியையும் ஒரு காலமாகவே வைத்துக்கொண்டேன். 1,412 பேரும் வந்தார்கள். டோக்கன் நம்பருடன் சேர்ந்த தேதி, நின்ற தேதி இரண்டையும் வைத்து, எந்த மாதத்தில் அந்த நம்பர் யாருடையது என்று பார்த்துச் சேர்த்தேன்.

சேர்ந்த தேதிகள் தனிக் கூத்து. 1901-இலிருந்து 1911 வரை சேர்ந்தவர்கள் என்று ஒரு கூட்டம் இருந்தது. கோவையில் ஸ்டேன்ஸ் மில் 1888-இலேயே வந்துவிட்டது உண்மைதான், ஆனால் இந்த மில் அப்போது இல்லை. ஃபாக்ஸ்ப்ரோ 2.6-இல் வருடத்தை இரண்டு இலக்கமாக அடிக்கும்படி வைத்திருந்தால், எதை அடித்தாலும் முன்னால் 19 போட்டுக்கொள்ளும். 03 என்று அடித்தால் உள்ளே 1903. திரையிலும் சம்பளத் தாளிலும் 03 என்றே தெரிவதால், பத்து வருடமாக யாருக்கும் சந்தேகம் வரவில்லை. திருத்துவது ஒரு வரி வேலை. ஆனால் மூலத்தில் திருத்தவில்லை. 1903 அப்படியே இருக்க, பக்கத்துக் காலத்தில் 2003 என்றும், அதற்குப் பக்கத்தில் ஏன் என்றும் எழுதினேன். நாளைக்கு யாராவது என் திருத்தமே தவறு என்று சொல்லலாம், அப்போது மூலம் வேண்டும்.

அடுத்தது காலங்களின் பெயர். டிபிஎஃப்பில் காலத்துக்குப் பத்து எழுத்துக்குமேல் பெயர் வைக்க முடியாது. இவர் பத்துகூட வைக்கவில்லை. பிடித்தம் 1, பிடித்தம் 2 என்ற கணக்கில் வெறும் சுருக்கமும் எண்ணுமாகப் பதினான்கு காலம். எது சொசைட்டிக் கடன், எது கேன்டீன், எது பி.எஃப்.? ப்ரோக்ராமின் மூலக் கோப்புகள் டிஸ்க்கில் இல்லை, கம்பைல் செய்தது, அதாவது மெஷின் மட்டும் படிக்கும் வடிவம்தான் இருந்தது. பென்ஷன் காலத்தைக் கண்டுபிடித்தது சட்டத்தின் தயவில். 5,000-க்கு 8.33 சதவீதம் 417 ரூபாய், 6,500-க்கு 541. ஒவ்வொரு காலத்திலும் மாதாமாதம் மிகப் பெரிய தொகை எவ்வளவு என்று பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரே ஒரு காலம் மட்டும் 2001 மே வரை 417-ஐத் தாண்டவே இல்லை, ஜூனிலிருந்து 541-ஐத் தாண்டவில்லை. கண்டுபிடித்த அன்று கேன்டீனில் போய் இரண்டு டீ குடித்தேன்.

வருகைப் பதிவு அவ்வளவு சுலபத்தில் பிடிபடவில்லை. ஆளுக்கு மாதம் 31 எழுத்து, நாளுக்கு ஒன்று. பி என்றால் வந்தவர், ஏ வராதவர், டபிள்யூ வார விடுமுறை. இது யாருக்கும் புரியும். கே, எக்ஸ், க்யூ? சம்பளமில்லாத நாட்கள் பென்ஷனில் பங்களிப்பில்லாத நாட்களாகக் கணக்காகும். அதனால் ஊகித்து எழுதிவிட முடியாது.

அதே டிஸ்க்கின் விண்டோஸ் பகுதியில், 2002 தேதியிட்ட ஒரு வேர்ட் கோப்பு இருந்தது. திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பை. வரிக்கு வரி இ, ஹெச், எஸ், ஒரு அரைப்புள்ளி என்று அதே நான்கு எழுத்துகள் திரும்பத் திரும்ப வந்தன. கெட்டுப்போன கோப்பு என்று முதலில் ஒதுக்கிவைத்தேன். இரண்டு நாள் கழித்து ராத்திரி சாப்பிடும்போதுதான் பொறி தட்டியது. பாமினி! அந்த நான்கையும் பாமினி எழுத்துருவில் அடித்தால் வருவது 'நாள்'. யூனிகோடு வருவதற்கு முன் தமிழில் டைப் அடித்ததெல்லாம் இப்படித்தான். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, மேலே போர்த்தியிருப்பது தமிழ் முகம். எழுத்துரு இல்லாத மெஷினில் அந்த முகம் போய்விடும். யூனிகோடுக்கு மாற்றிப் பார்த்தேன். டைம் ஆபீசில் யாரோ தனக்குப் பிறகு வருகிறவருக்காக எழுதிவைத்த குறிப்பு அது. "எக்ஸ் – சம்பளம் இல்லாத விடுப்பு நாள்." "கே – பதிலி ஆள் வந்து வேலை இல்லாமல் திரும்பிய நாள்."

அந்த 'கே'யை நான் வராத நாளாகத்தான் ஊகித்திருந்தேன். காலை ஷிஃப்டுக்கு ஐந்து மணிக்கே எழுந்து வந்து, கேட்டில் நின்று, இன்றைக்கு ஆள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்ட மனிதர் வராதவராகியிருப்பார்.

க்யூ அந்தக் குறிப்பில் இல்லை. டேட்டாவில் அது முதலில் தலைகாட்டுவது 2008 கடைசியில். 2007-இல் ரிட்டயர் ஆன டைம் கீப்பருக்கும் தெரியவில்லை. அவருக்குப் பின் இருந்தவரைத் தேடி அன்னூர் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனோம். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். எழுத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "அதுங்களா? கரண்ட் இல்லாத நாளுங்க தம்பி. அப்பத்தான் மின்வெட்டு ஆரம்பிச்சுது. லே-ஆஃப்னு போட எழுத்து இல்லாம, இருக்கறதுல மிஞ்சினதைப் போட்டோமுங்க." எழுத்தில் எங்கேயும் இல்லாத ஒன்று. அவர் சொன்னதைத் தேதி போட்டு எழுதி, அவரிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தோம்.

பதினேழு வருடத்துக்கு 204 மாதக் கோப்புகள் இருந்திருக்க வேண்டும். 197 கிடைத்தன. 1997 செப்டம்பரிலிருந்து 1998 மார்ச் வரை ஏழு மாதம் இல்லை. அந்த செப்டம்பரில்தான் பி.எஃப். பங்களிப்பு 10-லிருந்து 12 சதவீதமாக ஏறியது. ப்ரோக்ராமை மாற்ற வந்தவர் அந்த மாதங்களை வேறெங்கோ வைத்து வேலை பார்த்திருக்கலாம் என்பது என் ஊகம். பீரோவில் ஒரு பெட்டி ஃப்ளாப்பி இருந்தது. பூஞ்சை படிந்து ஒன்றும் தேறவில்லை. அந்த வருடத்துக்கு அக்கவுண்ட்ஸ் பிரிவில் பைண்டு செய்து வைத்திருந்த 3ஏ படிவங்கள் கை கொடுத்தன. ஆளுக்கு ஒரு தாள், பன்னிரண்டு மாதமும் சம்பளமும் பங்களிப்பும். 2012-இல் மின்னணுச் செலான் வரும்வரை வருடாவருடம் பி.எஃப். ஆபீசுக்குப் போனது இதுதான். வருகைப் பதிவு அதில் கிடையாது என்பதால் அந்த ஏழு மாதத்தின் நாள் கணக்கு போனது போனதுதான். மற்ற வருடங்களை, எல்லோருடைய வருடக் கணக்கையும் தொகுத்துக் காட்டும் 6ஏ படிவத்தின் மொத்தத் தொகையோடு ஒப்பிட்டோம். இரண்டு வருடங்கள் தவிர எல்லாம் ரூபாய் சுத்தமாக ஒத்துப்போனது. ஒத்துவராத இரண்டுக்கும் அரியர் பட்டுவாடா காரணம் என்று தனி வவுச்சர்களிலிருந்து தெரிந்தது.

கடைசியில் மில்லிடம் ஒப்படைத்தது இவை. கை வைக்காத டிஸ்க் நகலும் அதன் ஷா-256 எண்ணும். ஒவ்வொரு டிபிஎஃப்பும் நட்சத்திரக் குறிக் காலத்தோடு சாதாரண சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளி போட்டுப் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு). எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் கோப்பு. நீண்ட காலம் வைத்திருக்க ஏற்ற வடிவங்களில் ஒன்றாக அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமே இதைப் பரிந்துரைக்கிறது, விலையும் கிடையாது. டாஸ் ப்ரோக்ராம்களை இன்றைய மெஷினில் ஓட்டும் டாஸ்பாக்ஸில் பழைய ப்ரோக்ராமும் ஓடுகிறது. அது அவசியமா என்று லேபர் ஆபீசர் கேட்டார். நாங்கள் எடுத்த பட்டியலில் சந்தேகம் வந்தால், 2004-இல் அச்சடித்த அதே சம்பளத் தாளை அதே நீலத் திரையில் காட்ட முடியும் என்றேன். அப்புறம் பதினோரு பக்கக் குறியீட்டு நோட்டு: எந்தக் காலம் எது, எந்த எழுத்து என்ன, யார் சொன்னது, எதை வைத்து முடிவு செய்தோம். இதை மட்டும் லேசர் பிரிண்ட் எடுத்து மூன்று பிரதி வைத்தோம். மொத்த வேலையில் டிஸ்க்கைப் படிக்க ஆனது ஒரு மதியம், இந்த நோட்டுக்கு ஆனது ஏழு வாரம். 2011-இல் ப்ரோக்ராம் எழுதியவரும் டைம் கீப்பர்களும் பக்கத்திலேயே இருந்தபோது உட்கார்ந்திருந்தால் ஒரு சனிக்கிழமையில் முடிந்திருக்கும்.

யார் பார்க்கலாம் என்பதில் கொஞ்சம் இழுபறி. சம்பளம், நாமினி பெயர், கடன் எல்லாம் அதில் இருக்கிறது. லேபர் ஆபீசர், அக்கவுண்ட்ஸ் தலைவர் இருவருக்கு மட்டும் என்று முடிவானது.

பத்தொன்பது பேரின் விவரமும் ஏற்றியாயிற்று. முதலாளிகளுக்கான கெடு பலமுறை நீண்டு 2025 ஜனவரி 31 வரை போனதால் அவசரம் இல்லாமல் செய்ய முடிந்தது.

வேலை முடிகிற சமயத்தில் ஒரு நாள் கேட்டில் ஒரு அம்மா வந்து உட்கார்ந்திருந்தார். நூல் சுற்றும் வைண்டிங் பிரிவில் ஒன்பது வருடம் இருந்து 2004-இல் நின்றவர். அப்புறம் வேறொரு மில்லில் கொஞ்ச காலம். இரண்டும் சேர்ந்தால் பென்ஷனுக்குத் தேவையான பத்து வருடம் தாண்டும், ஆனால் பி.எஃப். ஆபீஸ் பதிவில் இங்கிருந்து நின்ற தேதி காலியாக இருந்தது. மூன்று வருடமாக வந்து வந்து போகிறாராம். "என்ற பேரு அதுல இருக்குதா கண்ணு?" என்றார்.

இருந்தது, நட்சத்திரக் குறியோடு. சேர்ந்த தேதி, நின்ற தேதி, பி.எஃப். நம்பர், கடைசி மாதச் சம்பளம் எல்லாம் இருந்தது. பிறந்த தேதி ஜனவரி 1 என்று இருந்தது. அந்த வருடம் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் ஜனவரி 1-இல்தான் பிறந்திருக்கிறார்கள். வயது கேட்டு வருடத்தைக் கழித்து டைம் ஆபீசே போட்டுக்கொண்டது. ஆதாரில் வேறு தேதி. நின்ற தேதிக்கு மில் சான்று கொடுத்துவிட்டது. பிறந்த தேதிக்கு, தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து கொடுக்கும் கூட்டுறுதிப் படிவம் போட்டிருக்கிறார்கள். அது இன்னும் பி.எஃப். ஆபீஸ் மேஜையில்தான் இருக்கிறது.